எல்லாரும் சரி என்றார்கள், யாரும் வரவில்லை

கேள்வி: பொது சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளர்களிடம் சிறுநீரகப் பாதிப்பு எவ்வளவு இருக்கிறது, வெயிலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதுதான் தலைப்பு. 300 பேரிடம் ரத்தமும் சிறுநீரும் எடுத்து, 40 நிமிடக் கேள்வித்தாளும் நிரப்ப வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்துவிட்டது. நிதி தருகிற அமைப்பு ‘சமூகப் பங்கேற்பு’ கட்டாயம் என்றதால் 11 பேர் கொண்ட ஆலோசனைக் குழு அமைத்தேன். ஊராட்சித் தலைவர், உப்பு உற்பத்தியாளர் தரப்பில் மூவர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், சுகாதார ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், தலைமையாசிரியர், தொண்டு நிறுவனத்தார் இருவர், மகளிர் குழுத் தலைவி என எல்லாப் பங்குதாரர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டம் நடந்தது. எல்லாரும் ‘தாராளமா செய்யுங்க’ என்றார்கள். உற்பத்தியாளர்களே கணக்குப்பிள்ளைகள் மூலம் எல்லா அளத்துக்கும் சொல்லி அனுப்பினார்கள். வேலை முடிகிற நேரத்துச் சிறுநீர் வேண்டும் என்பதால் முந்தைய நாள் அளத்திலேயே குப்பி கொடுத்தோம். திரும்பி வந்தவை ஆறு. மே மாதம், புதன்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளிக்கூடத்தில் முகாம். 120 பேரை எதிர்பார்த்தேன், வந்தது 19. அதில் பெண்கள் நான்கே பேர். வந்தவர்களும் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கண்ணாடி கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள். தலைக்கு 500 ரூபாய் கொடு, வருவார்கள் என்கிறார் என் வழிகாட்டி. கொடுக்கலாமா? எங்கே தவறினேன்? உண்மையைச் சொன்னால், இந்தச் சமூகப் பங்கேற்பெல்லாம் விண்ணப்பத்தில் ஒரு பத்தி நிரப்பத்தானோ என்று தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: உங்கள் ஆலோசனைக் குழுப் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். 11 பேரில் உப்பு வாருகிறவர் ஒருத்தர்கூட இல்லை.

மகளிர் குழுத் தலைவி இருக்கிறாரே என்பீர்கள். அவர் அளத்துக்குப் போகிறவராக இருந்தால் அதைக் கட்டாயம் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மற்றவர்களும் வேண்டியவர்கள்தான், அவர்கள் இல்லாமல் ஊருக்குள் நுழைய முடியாது. ஆனால் அவர்கள் சொன்ன ‘சரி’க்கு அவர்கள் கையை விட்டு எதுவும் போகவில்லை. ஊசி ஏறப்போவது வேறொருவர் கையில், ஒரு நாள் கூலி போகப்போவது வேறொரு வீட்டில். அந்த வீட்டில் யாரையும் கேட்காமலேயே இரண்டு கூட்டம் நடந்து முடிந்திருக்கிறது.

இடையில் ஒன்று. ‘பங்குதாரர்’ என்ற சொல்லை அலுவலகக் கோப்போடு விட்டுவிடுங்கள். ஊரில் பங்குதாரர் என்றால் லாரியிலோ படகிலோ பணம் போட்டவர். ஒரு கூட்டத்தில் இந்தச் சொல்லை நான் நாலைந்து முறை சொன்ன பிறகு, பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “எங்க பங்கு எவ்வளவுன்னு சொல்லிட்டா நல்லாருக்கும் சார்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சரி, முகாமுக்கு வருவோம். மே மாதம் உப்பு நன்றாக விளைகிற காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் அளம் தண்ணீருக்குள் போய்விடும், வேலை கிடையாது. அந்த மாதங்களை ஓட்ட வாங்கிய முன்பணமும் கடனும் கழிவது இந்த வெயில் மாதங்களில்தான். இருட்டோடு அளத்தில் இறங்கி, வெயில் தலைக்கு ஏறுமுன் முடிந்தவரை வாரிவிட வேண்டும் என்று ஓடுகிறவரிடம் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வா என்றால், இன்றைய கூலியை விட்டுவிட்டு வா என்று பொருள். அப்படியும் 19 பேர் வந்திருக்கிறார்கள். எனக்கு அது குறைவாகத் தெரியவில்லை.

அடுத்தது, கணக்குப்பிள்ளை மூலம் சொல்லி அனுப்பியது. உங்களுக்கு இது வசதியாகப் பட்டிருக்கும், ஒரே நாளில் எல்லா அளத்துக்கும் செய்தி போய்விட்டது. அதே செய்தி உப்பு சுமக்கிற ஒரு பெண்ணின் காதில் எப்படி விழுந்திருக்கும்? முதலாளி ஆபீசில் சொல்லி டாக்டர் வருகிறார்கள், கிட்னி சோதிக்கப் போகிறார்கள். கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவார்களா? ‘உடம்பு முடியாதவளுக்கு எதுக்கு முன்பணம்’ என்று மழைக்காலத்தில் கையை விரித்துவிட்டால்? இதெல்லாம் நியாயமான கேள்விகள். உங்கள் ஆய்வுத் திட்டத்தில் இவற்றுக்குப் பதில் இருக்கிறதா? ‘தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும்’ என்று ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கும், தெரியும். ஆனால் செய்தி கொண்டுவந்தவர் கணக்குப்பிள்ளையாக இருக்கும்போது அந்த வரியை யார் நம்புவார்கள்?

குப்பி விஷயத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எங்கே போய் நிரப்புவார்கள் என்று நினைத்துக் கொடுத்தீர்கள்? அளத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி, வரப்பு, வெள்ளை வெள்ளையாய் உப்பு அம்பாரம். ஒரு மரம் கிடையாது, மறைவுக்கு ஒரு செடி கிடையாது. பல அளங்களில் கழிப்பறை என்ற ஒன்றே இல்லை. அதனால்தான் பெண்கள் வேலை முடிகிற வரை தண்ணீரைத் தொடாமல் இருக்கிறார்கள். நீங்கள் தேடிப் போன பாதிப்புக்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். அதே இடத்தில் நின்றுகொண்டு, ஆண்கள் பார்க்க, அவர்கள் கையில் சிறுநீர்க் குப்பியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

அளத்துக்குப் போகிற ஓர் அம்மாளிடம் முன்கூட்டியே அந்தக் குப்பியைக் காட்டி, இதைக் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தால், “எங்கன போயி ஒதுங்க?” என்று கேட்டிருப்பார். சமூகப் பங்கேற்பு என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அந்த ஒரு வரியை ஆய்வு தொடங்குமுன் கேட்டுவிடுவதுதான் எனக்குத் தெரிந்து அதன் பாதி. அந்த வரி குப்பியோடு நிற்காது, உங்கள் கேள்வித்தாளுக்குள்ளும் வரும். ‘ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்கிறீர்கள்’ என்று அதில் நிச்சயம் இருக்கும். ‘ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுண்டா’ என்று இருக்காது. முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வந்தால், ‘தொழிலாளர்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை’ என்று ஆய்வேட்டில் முடிவு எழுதுவீர்கள். இப்படி எழுதிய ஆய்வேடுகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

நானும் இந்தக் குழியில் விழுந்தவன்தான். 90களில், ஒரு கல்லூரியில் வேலை பார்த்தபோது, பெண்களிடம் ரத்தசோகை பற்றி ஓர் ஆய்வு. முதல் வருடம் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தோம். ஊரே ஒத்துழைத்தது, மோர் கொடுத்து உபசரித்தார்கள். அடுத்த வருடம் இரண்டாம் சுற்றுக்குப் போனால் பாதி வீடு பூட்டியிருக்கிறது. ஒரு திண்ணையில் பாட்டி ஒருத்தர் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை. “போன வருசம் எம் மருமக கையிலருந்து எடுத்துட்டுப் போனியளே, அதுல என்னதான் இருந்துச்சு?” என்று கேட்டார். சாயங்காலம் திரும்பிப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 6.2, கடுமையான ரத்தசோகை. என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. சராசரி கணக்கிட்டோம், கட்டுரை எழுதினோம், அவளிடம் யாரும் சொல்லவில்லை. இடையில் பிரசவம் ஆகி, ரத்தம் ஏற்ற வேண்டி வந்து, பிழைத்துக்கொண்டாள் என்று பிறகு தெரிந்தது. பூட்டியிருந்த வீடுகளை அதுவரை ‘ஒத்துழைக்க மறுத்தவர்கள்’ என்ற கட்டத்தில்தான் குறித்து வந்தேன்.

இனி உங்கள் தலைப்புக்கு மிக நெருக்கமான ஒரு விஷயம். மத்திய அமெரிக்காவில், நிகராகுவா நாட்டின் சிச்சிகால்பா வட்டாரம் கரும்புக்குப் பேர்போனது. கரும்பு வெட்டுகிற இளைஞர்கள், சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாதவர்கள், சிறுநீரகம் செயலிழந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். காரணம் பூச்சிமருந்து என்றார்கள் தொழிலாளர்கள், எங்கள் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது ஆலை. உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் 2006-இல் அந்த ஆலைக்கு 5.5 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தது. நோயுற்ற முன்னாள் தொழிலாளர்களும் விதவைகளும் ‘அசோசிவிடா’ என்று ஒரு சங்கமாகச் சேர்ந்து, 2008-இல், கடன் கொடுத்த கழகத்தின் குறைகேட்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். அந்த அலுவலகம் இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது.

அங்கே முதலில் எழுந்த சிக்கல், யார் ஆராய்வது என்பது. ஆலை அழைத்துவரும் விஞ்ஞானியைத் தொழிலாளி நம்பமாட்டார், தொழிலாளி அழைத்துவருபவரை ஆலை உள்ளே விடாது. கடைசியில் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு பாஸ்டன் பல்கலைக்கழகக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆராயப்படுகிறவர்கள் தங்கள் ஆய்வாளரைத் தாங்களே தேர்ந்தெடுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்! 2009 முதல் அந்தக் குழு வேலை செய்தது. ஆலைக்குள் போய் வேலை நிலைமையை அளக்க முடிந்தது, ஊருக்குள் போய் ரத்தமும் சிறுநீரும் எடுக்கவும் முடிந்தது. இரண்டு கதவும் திறந்தது அந்த மேசையால்தான்.

அதில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. அந்த ஊர்க்காரர்களின் வாயில் ‘சிஸ்தாதா’ என்ற சொல் அடிக்கடி வந்தது. வெயிலில் வேலை செய்து நீர் வற்றி, சிறுநீர் எரிச்சலோடு போவதுதான் சிஸ்தாதா. ஆய்வாளர்கள் அதை நாட்டுப்புறப் பேச்சு என்று தள்ளாமல், மருத்துவர்களையும் மருந்துக்கடைக்காரர்களையும் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தார்கள். சிஸ்தாதா என்று வருகிறவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக், வலிமாத்திரை, போதாததற்கு நீர் பிரிக்கிற மாத்திரை என்று கொடுத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஏற்கெனவே வற்றிக் கிடக்கிற சிறுநீரகத்துக்கு இவற்றில் சில மேலும் கேடு.

நம் ஊரில் இதற்கு என்ன பெயர்? நீர்க்கடுப்பு. ‘சூடு பிடிச்சிருக்கு’ என்றும் சொல்வார்கள். உங்கள் 40 நிமிடக் கேள்வித்தாளில் இந்த வார்த்தை எங்காவது இருக்கிறதா? சூடு பிடித்தால் என்ன செய்வார்கள், கடையில் என்ன மாத்திரை வாங்குவார்கள், அந்த மாத்திரைக்கு அவர்களுக்குள் என்ன பெயர் என்பதெல்லாம் அளத்தில் இருபது வருடம் உப்பு சுமந்தவருக்குத் தெரியும். உங்கள் வழிகாட்டிக்கும் எனக்கும் தெரியாது.

கண்ணாடி கேட்டதைச் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்க வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலைப் பார்க்கிறவர்களுக்குக் கண்தான் முதல் கவலை. சிறுநீரகம் உங்கள் கவலை. இதில் தவறில்லை, வெளியில் தெரியாமல் கெடுகிற உறுப்பைப் பற்றிக் கவலைப்படத்தான் நமக்குச் சம்பளம். ஆனால் அவர்கள் கேட்டதை ஒரு ஓரத்திலாவது வைக்க வேண்டும். மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்திடம் பேசி அதே நாளில் கண் பரிசோதனையும் வைக்க முடியுமா பாருங்கள். முடியாது என்றால் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த வார்த்தையை அவர்கள் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்.

இப்போது பணம். கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும், ஆனால் உங்கள் வழிகாட்டி சொல்கிற காரணத்துக்காக இல்லை. பயணச் செலவையும் கூலி இழப்பையும் ஈடுகட்டுவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் அனுமதிக்கின்றன. மனதுக்குப் பிடிக்காததைப் பணத்துக்காக ஒப்புக்கொள்ள வைக்கிற அளவு தொகை கூடாது, எவ்வளவு, எதற்கு என்பதை நெறிமுறைக் குழு முன்பே பார்த்திருக்க வேண்டும். ஆகவே அன்றைய கூலி எவ்வளவோ அதைக் கூலி இழப்பு என்று சொல்லிக் கொடுங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் எழுதிப் போடுங்கள். ‘ரத்தம் கொடுத்தால் 500’ என்ற பேச்சு மட்டும் ஊருக்குள் போகக் கூடாது. போனால் அப்புறம் ரத்தத்துக்கு விலை வைத்துவிட்டீர்கள், அதற்குப் பேரமும் நடக்கும், அதை எங்கே விற்கிறீர்கள் என்ற கேள்வியும் வரும்.

கூலியைக் கொடுத்துவிட்டால் கணக்குப்பிள்ளை பயம் போய்விடாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். அளத்துக்குள் நுழைய முதலாளியின் அனுமதி தேவை, அதை வாங்குங்கள். அத்தோடு அவர் பங்கு முடிய வேண்டும். அழைப்பு அவர் வழியாகப் போகக் கூடாது, இடம் அவருடையதாக இருக்கக் கூடாது, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற பட்டியல் அவர் கைக்குப் போகக் கூடாது. மொத்தக் கணக்கை அவருக்கும் சொல்லலாம், ஆனால் தொழிலாளர்களுக்குச் சொல்லுமுன் அல்ல. இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுக்கிற முதலாளியின் அளத்தை விட்டுவிடுங்கள், அந்த அளத்துத் தொழிலாளரை அவர் வீட்டில் வைத்துச் சந்திக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மேலே இருப்பவர் ‘சரி’ சொன்னால் போதும் என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திராவின் (இன்று தெலங்கானா) கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்க்கிற திட்டம் ஒன்று நடந்தது. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் படிக்கிற பழங்குடிச் சிறுமிகள். இடையில் ஏழு சிறுமிகள் இறந்துபோக, 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் இல்லை என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். ஆனால் ஒப்புதல் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது, ஆந்திராவில் 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டிருந்தது விடுதிக் காப்பாளர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் கொடுத்த அறிக்கையில் இதைக் கடுமையாகக் கண்டித்தது. பெற்றோரைத் தேடிப் போக நேரமில்லை என்று மிச்சம் பிடித்த சில வாரங்கள், ஒரு நல்ல தடுப்பூசியின் பெயரையே பல வருடங்களுக்குக் கெடுத்துவிட்டன. காப்பாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கணக்குப்பிள்ளையும் கெட்டவர் இல்லை.

கையெழுத்து என்றதும் இன்னொன்று. அளத்தில் கைநாட்டு வைப்பது பெரும்பாலும் முன்பணம் வாங்கும்போது. நீங்கள் நீட்டுகிற நான்கு பக்க ஒப்புதல் படிவம் அவர்களுக்கு எதை நினைவுபடுத்தும் என்று யோசியுங்கள். படிவத்தைத் தவிர்க்க முடியாது, அது விதி. ஆனால் அதை நீட்டுவதற்கு முந்தைய வாரமே வாயால் சொல்லலாம், ஒரு பிரதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம், பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளை வாசித்துக் காட்டச் சொல்லலாம். ‘வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம், அதனால எந்தச் சலுகையும் போகாது’ என்று அந்த மகள் வாயிலிருந்து வந்தால் தனி மரியாதை.

இனி என்ன செய்வது? முகாமை இப்போதைக்கு நிறுத்துங்கள். பட்டக் கெடு நெருங்குகிறது என்று நீங்கள் பதறுவது தெரிகிறது, ஆனால் இதே முறையில் இன்னும் மூன்று முகாம் வைத்தாலும் எழுபது பேர் தேறமாட்டார்கள். ஐப்பசி மழைக்குக் காத்திருங்கள். அளம் ஓய்ந்து, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். அதைவிட முக்கியமாக, உடம்பு வெயிலிலிருந்து ஓய்ந்திருக்கிற அந்த மாதங்களில் முதல் ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு, அடுத்த சித்திரை, வைகாசியில் அதே ஆட்களிடம் மறுபடி எடுத்தால், வேலைக்காலத்தில் சிறுநீரகம் எவ்வளவு வாடுகிறது என்பது நேரடியாகத் தெரியும். பாஸ்டன் குழுவும் கரும்பு வெட்டுக்கு முன்னும் வெட்டு முடிகிற சமயத்திலும் எடுத்துத்தான் ஒப்பிட்டது. மே மாதம் ஒரே முறை எடுத்த மாதிரியை வைத்து நீங்கள் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. வெறும் தண்ணீர் வற்றலால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) அன்றைக்கு ஏறியிருக்கிறதா, நிஜமாகவே சிறுநீரகம் கெட்டிருக்கிறதா என்று பிரித்தறிய மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தாக வேண்டும் அல்லவா?

கூட்டம் என்று பந்தல் போடாதீர்கள். பெண்கள் ஆறேழு பேர் உட்கார்ந்து பேசுகிற இடம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு, அங்கே போய் உட்காருங்கள். ஆண்கள் இருக்கும்போது ஒதுங்குவது பற்றி வாயே திறக்கமாட்டார்கள், தனியாகத்தான் கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிற தன்னார்வலரைக் கூட அழைத்துக்கொள்ளலாம், ஆனால் பேச்சை அவர் கையில் எடுத்துக்கொள்ள விடாதீர்கள். தொழிற்சங்கம் இருந்தால் அதையும் பாருங்கள். உங்கள் பட்டியலில் உற்பத்தியாளருக்கு மூன்று இடம் இருக்கிறது, தொழிலாளர் சங்கத்துக்கு இல்லை. வேண்டுமென்று விட்டிருக்கமாட்டீர்கள், பழக்கதோஷம். சங்கத்துக்காரர் எல்லாருக்குமாகப் பேசுவார் என்றும் நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் ஆணாகவும் நிரந்தர வேலைக்காரராகவும் இருப்பார்.

போவதற்கு முன் ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் ‘மாற்றலாம்’, மறுபக்கம் ‘மாற்ற முடியாது’ என்று எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மில்லி ரத்தம், எந்த ஆய்வகம், எத்தனை பேர் என்பதெல்லாம் இரண்டாம் பக்கம். அதில் கருத்துக் கேட்டு நாடகம் போட வேண்டாம், ஏன் மாற்ற முடியாது என்று விளக்கினால் போதும். எப்போது எடுப்பது, எங்கே எடுப்பது, குப்பியை யார் எப்படி வாங்கிக்கொள்வது, கேள்வித்தாளில் எது விட்டுப்போயிற்று, முடிவை யாரிடம் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் முதல் பக்கம். முதல் பக்கம் காலியாக இருந்தால் போகாதீர்கள், அவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும், ‘நீங்கள் சொன்னதால் இதை மாற்றினோம், இதை மாற்ற முடியவில்லை’ என்று திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். மாற்றங்களை நெறிமுறைக் குழுவுக்கும் எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் தாமதமாகும், ஆகட்டும்.

முடிவு சொல்வதை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவு தமிழில், மூடிய உறையில், கையில். ஒரு முறை கூடியிருந்தால் பதற வேண்டாம், மறுபடி பார்க்க வேண்டும் என்று வாயாலும் சொல்லுங்கள். நிஜமாகவே கெட்டிருப்பவரை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்த நாள், எந்தப் பிரிவுக்கு, யாரைப் பார்க்க அனுப்புவது என்று அங்கே ஆள் பேசி வையுங்கள். டயாலிசிஸ் வரை போனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமிருக்கிறது. அட்டை இல்லாதவர்களுக்கு எடுத்துக்கொடுப்பதை உங்கள் களப்பணியாளர் மழைக்காலத்தில் செய்யலாம். இதெல்லாம் ஆய்வா என்று வழிகாட்டி கேட்பார். கேட்கட்டும்.

கடைசிக் கேள்வி, விண்ணப்பத்தில் ஒரு பத்தி. பல இடங்களில் அது வெறும் பத்திதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பத்தி விண்ணப்பத்துக்குள் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2004-இல் கம்போடியாவில், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்குமா என்று டெனோஃபோவிர் மாத்திரையைப் பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் சோதிக்க ஏற்பாடு நடந்தது. அவர்கள் சங்கம் ஒரு கேள்வி கேட்டது: பக்கவிளைவு பிறகு வந்தால் எங்களை யார் பார்ப்பது, நீண்ட காலக் காப்பீடு தருவீர்களா? திருப்தியான பதில் கிடைக்கவில்லை. போராடினார்கள், ஆகஸ்டில் பிரதமரே சோதனையை நிறுத்தினார். அடுத்த பிப்ரவரியில் கேமரூனிலும் இதேபோல் ஒரு சோதனை நின்றது. அந்த மருந்து கலந்த மாத்திரை தொற்றைத் தடுக்கும் என்று பின்னால் நிரூபணமாகி, 2012-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. மருந்து நல்ல மருந்து, கேள்வியும் நியாயமான கேள்வி, உட்கார்ந்து பேசத்தான் ஆளில்லாமல் போயிற்று. அதன் பிறகுதான், 2007-இல், ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு மக்கள் பங்கேற்புக்கென்றே வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. உங்கள் விண்ணப்பத்தில் இருக்கிற பத்திக்கு இது ஒரு பூர்வீகம்.

எழுதி முடிக்கப் போகும்போதுதான் உறைத்தது. முகாமுக்கு வந்த அந்த 19 பேர், கூலியை விட்டுவிட்டு வந்த அந்த நான்கு பெண்கள், இவர்களிடம் ரத்தம் எடுத்தீர்களே, முடிவு அவர்கள் கைக்குப் போய்விட்டதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. போகவில்லை என்றால் மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். சாயங்காலமாகப் போங்கள்.